வெந்நீர் விளாவ ஒரு கை

அன்புள்ள சத்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வல்லக்கோட்டை முருகன் துணை. போனில் சொன்னால் நீ அழுவாய், சமாதானம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, அதனால்தான் கடிதம். அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். கிருத்திகைக் கூட்டத்தில் கம்பெனி பஸ் மாட்டிக்கொண்டு அவர் வந்து சேர்வதற்குள் இட்லி கல்லாகிவிட்டது, அதையே தின்றுவிட்டுப் படுத்தார்.

பக்கத்து வீட்டு ஷாரோனுக்கு ஆண் குழந்தை. நம் தெருவில் பிறக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தானே தண்ணீர் ஊற்றுவேன், அவளும் கூப்பிட்டாள். காலை நீட்டிக் குழந்தையைப் போட்டு, தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன். வீறிட்டது. தண்ணீர் பட்டால் அழத்தானே செய்யும் என்று மறுபடி மொள்ளப் போனேன், ஷாரோன் கையை விட்டுப் பார்த்து, இன்னாக்கா இது, இம்மாஞ்சூடு கீது, உனுக்குத் தெரீலயா என்று குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். நல்லவேளை, முதுகு சிவந்ததோடு போயிற்று. எனக்குத் தெரியவில்லை சத்யா. அழுகைகூட வரவில்லை, விரலைப் போலவே மனசும் மரத்துக் கிடக்கிறது. அவள் அப்புறம் கூப்பிடவில்லை, அவள் மேல் தப்பில்லை.

அப்புறம்தான் நரம்பு டாக்டரிடம் கையைக் காட்டினேன், என்ன வேலை என்று கேட்டார். பிரேக் பாகங்களில் கிரீஸ் போக, கிளீனரில் துணியை நனைத்துத் துடைப்பது என்றேன். அதுதான் நரம்பைக் கெடுத்திருக்கிறது, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகும் என்றார். கையுறை கொடுத்தார்கள், அது கிளீனரிலேயே ஊறிப் பிசுபிசுத்துக் கிழியும், எல்லோரும் கழற்றிவிட்டோம். தூசி விழும் என்று ஷெட் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். அதோடு விட்டேனா, அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவரும் மிச்ச கிளீனர் ஸ்பிரே டப்பாவை வீட்டிலும் அடித்தேன், பாத்திரத்து ஸ்டிக்கர் பசைக்கு, சட்டைக் காலருக்கு, கரப்பானுக்கு, காமாட்சி விளக்குப் பிசுக்குக்குக்கூட. வீடு பற்றிக்கொள்ளாததே பெரிது என்றார் டாக்டர். வேலையை விட்டால் உணர்ச்சி கொஞ்சம் திரும்பலாம், எப்போது, எவ்வளவு என்று சொல்ல முடியாதாம். வேலையை விட்டு நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் சரிம்மா என்றார், அவ்வளவுதான்.

உன் சீர்ப் பாத்திரங்களோடு ஸ்டிக்கர் எடுக்க ஒரு டப்பா வைத்து அனுப்பினேனே, அதை நீ தொடாதே. மாப்பிள்ளையை விட்டு மெக்கானிக் கடையில் கொடுத்துவிடச் சொல். அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், சிங்க்கில் ஊற்ற வேண்டாம்.

தலைப்பிரசவம் நம் வீட்டில்தான், அதில் மாற்றமில்லை. எண்ணெய் தேய்ப்பேன், காலை நீட்டி உட்காருவேன். ஆனால் வெந்நீரை நீதான் விளாவித் தர வேண்டும். பச்சை உடம்புக்காரி எழுந்து வரக்கூடாது என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையை விட்டுப் பார்த்து, ஊற்றும்மா என்று நீ சொல். சொல்லாமல் ஒரு சொம்பு ஊற்ற மாட்டேன்.

மஞ்சள் குங்குமத்தோடு நீடூழி வாழ்க. சத்து மாத்திரையை மறக்காதே. டப்பா இன்றைக்கே வீட்டை விட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா சசிகலா