டூலியின் குதிகால்

செப்டம்பர் 15, ஞாயிறு

நேற்றும் தோல்வி. எங்கள் ரீஸ் பந்தை எறிவதற்குள் ஐந்து முறை தரையில் விழுந்தான். அமெரிக்கக் கால்பந்தில் எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் நின்று எதிரிகளை மறிக்க வேண்டும். அந்த ஐவருக்குப் பயிற்சி தருவதுதான் என் பிழைப்பு. ஒழுங்காக மறித்தால் ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரீஸ் விழுந்தால் மட்டும் கல்லூரி அரங்கம் முழுவதற்கும் என் பெயர் தெரிந்துவிடும்.

காலையிலிருந்து ஆட்டப் பதிவை முன்னும் பின்னும் ஓட்டி ஐவருக்கும் மதிப்பெண் போட்டேன். இடது ஓரத்தில் நிற்கும் டூலிக்கு நாற்பத்தெட்டு. நூற்று நாற்பது கிலோ, தங்கமான பையன், கால்தான் மந்தம். முதல் ஆட்டம் முடிந்ததுமே, "பந்தை எறியப்போறோம்னா குதிகாலை நல்லா ஊனிக்கோடா, பின்வாங்கச் சுலபம்" என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகும் பிந்துகிறான்.

மதியம் என் மகள் டெஸ்ஸா சோளப்பொரிக் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் ஃபோனில் இருந்தேன். அப்புறம் என்று கையைக் காட்டினேன். மறுமுனையில், இந்தியானாவில் எங்கள் அணிக்காகக் குறிவைத்திருக்கும் ஒரு பையனின் அம்மா. "என் பையன் அங்க படிக்கிற நாலு வருஷமும் நீங்க இருப்பீங்களா கோச்?" "கண்டிப்பா இருப்பேம்மா." சமையலறையில் என் மனைவி ரோண்டா சிரிப்பது கேட்டது. என்னோடு இருபது வருடத்தில் ஏழு ஊர் மாறியவள். சிரிக்கட்டும்.

டெஸ்ஸாவுக்கு இது ஐந்தாவது பள்ளி. இங்கே மில்பரோவுக்கு வந்த அன்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்: பள்ளி முடிக்கும்வரை இனி நகர மாட்டோம். இன்னும் ஒன்றே முக்கால் வருடம்.

செப்டம்பர் 28, சனி

தோல்வி. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

மெக்ராத்தின் நாற்காலி ஆடுகிறது என்று உள்ளூர்ப் பத்திரிகையில் வெளிப்படையாகவே போட்டுவிட்டார்கள். தலைமைப் பயிற்சியாளர் போனால் உதவிக்கு இருக்கும் நாங்கள் ஒன்பது பேரும் போக வேண்டியதுதான். வருகிறவர் தன் ஆட்களோடு வருவார். யாரைக் குறை சொல்ல? நானும் மெக்ராத் பின்னால் அப்படித்தான் வந்தேன், ஒன்பது குடும்பங்களைக் கிளப்பிவிட்டு.

இன்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மெக்ராத் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உன் பசங்க மறிக்கிறாங்களா, இல்ல வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிடறாங்களா?" மற்றவர்கள் குனிந்து காகிதத்தைப் பார்த்தார்கள்.

என் மகளின் பள்ளிப் படிப்பு இருபது வயதுப் பையன்கள் ஐந்து பேரின் காலில் இருக்கிறது. சனிக்கிழமை நான் கோட்டுக்கு வெளியே நின்று பேனா மூடியைக் கடிக்கிறேன். அதைத் தவிர என்னால் என்ன ஆகிறது?

எங்கள் வீட்டில் சட்டை, தொப்பி, குளிர்கோட்டு எல்லாம் கல்லூரியின் பச்சைதான். போன வாரம் கடையில் ரோண்டா ஒரு பச்சை ஸ்வெட்டரை எடுத்து, விரித்துப் பார்த்து, திரும்ப மடித்து வைத்துவிட்டாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

பயிற்சி முடிந்தபின் டூலியை மட்டும் நிறுத்தி ஒரு மணி நேரம் வாட்டி எடுத்தேன். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான்: "கோச், எதிர்ல நிக்கறவன் எனக்கு முன்னாடியே கிளம்பிடறான். பந்து அசையறதுக்கு முன்னாடியே கிளம்பிடறான்."

"ஆமாண்டா, அவன் ஜோசியம் படிச்சுட்டு வரான். சாக்கு சொல்லாம நில்லு."

நின்றான். அவனிடம் அதுதான் பிரச்சினை, சொன்னால் சொன்னபடி செய்வான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவன் கண் கலங்கியிருந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

மூன்று வெற்றி, ஏழு தோல்வி. மீதி இரண்டு ஆட்டம்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்னும் ஒரு தோல்வி.

மதியம் பதிவை ஓட்டிக்கொண்டிருந்தேன். டெஸ்ஸா சோபாவில் படுத்துப் பாடம் படித்தபடியே, தலையைக் கூடச் சரியாகத் தூக்காமல், "எறியப்போறாங்க" என்றாள். எறிந்தார்கள். அடுத்தது. "பந்தோட ஓடப்போறாங்க." ஓடினார்கள். ஒன்பது தடவை சொன்னாள், ஒன்பதும் சரி.

"எப்படிடி தெரியுது?"

"டூலியோட குதிகால்பா. எறியணும்னா புல்லுல பதிஞ்சிருக்கும். ஓடணும்னா தூக்கியிருக்கும்."

முதல் ஆட்டத்தை எடுத்துப் பார்த்தேன் - இல்லை. குதிகால் இரண்டுக்கும் ஒரே மாதிரி. இரண்டாவது ஆட்டத்திலிருந்து இருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து! எதிரிகள் எல்லோரும் இரண்டு மாதமாக அந்தக் குதிகாலைப் படித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். நான் பையனின் முகத்தையும் தோளையும் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இருபத்துமூன்று வருட அனுபவம் வேறு. தூ.

"ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"செப்டம்பர்லயே சொல்ல வந்தேன். நீ ஃபோன்ல இருந்த. அப்புறம்னு கை காட்டின." புத்தகத்தை மூடிவிட்டு, "உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்பா. இது உன் வேலையாச்சே" என்றாள்.

நவம்பர் 18, திங்கள்

டூலியை அறைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நான் மந்தம் இல்லையா கோச்?" என்று மட்டும் கேட்டான்.

இல்லைடா. நீ மந்தமே இல்லை.

நவம்பர் 23, சனி

கடைசி ஆட்டம். முதல் பாதியில் டூலியைக் குதிகாலை வைத்துப் பொய் சொல்ல வைத்தோம். பதித்துவிட்டு ஓடினோம், தூக்கிவிட்டு எறிந்தோம். எதிரிகள் முழித்தார்கள்! ரீஸ் ஒரு தடவை கூட விழவில்லை. என் ஐவரும் இப்படி ஆடி நான் பார்த்ததில்லை. டூலிக்குத் தொண்ணூற்றாறு போடுவேன்.

ஒரு புள்ளி பின்னால் இருந்தோம், நான்கு விநாடி பாக்கி. இரண்டு கம்பத்துக்கும் நடுவே பந்து போனால் வெற்றி. உதைப்பவன் உதைத்தான். பந்து இடது கம்பத்தில் பட்டு வெளியே போனது.

உதைப்பவனுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? அவன் என் ஆளே இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

பதிவை எடுக்கக் காலையில் அலுவலகம் போனேன். கதவில் அட்டையைக் காட்டினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி காட்டினேன். சிவப்பு. வேலை போனது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. மெக்ராத்தின் குறுஞ்செய்தி வண்டியில் உட்கார்ந்தபின் வந்தது.

டூலியின் தொண்ணூற்றாறு உள்ளே யார் கணக்கிலும் ஏறப்போவதில்லை. அதனால் அவனுக்கே ஃபோன் செய்து சொன்னேன். "நிஜமாவா கோச்?" என்று இரண்டு தடவை கேட்டான்.

வீட்டில் டெஸ்ஸாவிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, முகத்தைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 12, வியாழன்

ஐடஹோவில் ஒரு கல்லூரி கூப்பிடுகிறது. விண்ணப்பித்த மற்ற எட்டு இடத்திலிருந்தும் பதிலே இல்லை. இங்கிருந்து வண்டியில் மூன்று நாள்.

சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். இத்தனை வருடமும் இந்த இடத்தில் டெஸ்ஸா அழுவாள், பிறகு பெட்டி கட்டுவாள். இந்த முறை அழவில்லை.

"நான் வரலைப்பா. நீ வாக்குக் கொடுத்தே."

"நாலு விநாடி, ஒரு கம்பம். நான் என்னம்மா பண்ணட்டும்?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். நான் வரல, அவ்வளவுதான்."

ரோண்டாவைப் பார்த்தேன். அவள் உருளைக்கிழங்கை மசித்தபடியே, "நான் இவகூட இருக்கேன். நீ போய்ட்டு வா" என்றாள். நான் ஏதோ கடைக்குக் கிளம்புகிற மாதிரி. இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது, குதிகால் மாதிரியே.

எழுந்து என் தட்டைக் கழுவி வைத்தேன்.

ஜனவரி 4, சனி

பச்சை உடைகள் மொத்தம் ஆறு மூட்டை. தேவாலயத்தில் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஐடஹோவில் ஆரஞ்சு. "உனக்கு அது சகிக்காது" என்று சொல்லி ரோண்டா என் காலரைச் சரிசெய்தாள். டெஸ்ஸா வாசல்வரை வந்தாள். கட்டிப்பிடித்தாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இந்த ஊரில் முதல் ஆட்டம் நேற்று. தோல்வி. புதிய ஐவர், புதிய தப்புகள்.

மதியம் அறையில் தனியாகப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோனில் நெவாடாவிலிருந்து ஒரு பையனின் அம்மா. நல்ல பையன், எனக்கு அவசியம் வேண்டும். அவரும் கேட்டார்: "நாலு வருஷமும் நீங்க அங்கதானே இருப்பீங்க கோச்?"

பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது. அதற்குள் ஃபோன் திரையில் டெஸ்ஸாவின் பெயர் வந்தது. பள்ளி தொடங்கி இரண்டு வாரம், அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"தெரியாதும்மா," என்றேன். "நாலு வருஷம் என் கையில இல்ல. மன்னிச்சுக்கங்க, என் பொண்ணு கூப்பிடறா." வைத்துவிட்டேன். அந்தப் பையன் வரமாட்டான்.

"அப்பா, ஃபோன்ல யார்கூடவாவது இருந்தியா?"

"இல்ல. சொல்லு."

"நேத்து உங்க ஆட்டத்தை கம்ப்யூட்டர்ல பார்த்தேன். அம்மாவும் பார்த்தா. அந்த அறுபத்தெட்டாம் நம்பர் இருக்கான்ல, எறியப்போறப்ப மட்டும் அவன் வலது முட்டி வெளிய திரும்புது. அப்பா, கேக்கறியா?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பதிவைத் திரும்ப ஓட்டி, அவள் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். முட்டி வெளியே திரும்பியிருந்தது.