செவலை வந்தா வாரேன்

குளத்தூர்
4-6-1958

கண்ணாத்தாளுக்கு,

சோலையப்பன் எழுதுறது. இங்கிட்டு நான் சுகம்னு எழுதினா பொய். நானே வடிச்சு நானே திங்கிறேன். சோறு ஒருநாள் குழையுது, ஒருநாள் வெறைக்குது. அத்தை உடம்பு எப்படி இருக்குன்னு எழுது.

நொண்டிச் செவலை மாட்டைத் தரகர் ராக்கன்கிட்ட வித்ததுக்கா ஒரு பொம்பளை புருசனை விட்டுட்டு ஆத்தா வீட்டுக்குப் போவா? ஊரே செய்யிறதைத்தான் நானும் செஞ்சேன். ஏர் இழுக்காத மாட்டைக் கட்டி வச்சுப் பூசையா பண்றது?

அது கிடக்கட்டும். உங்க ஊருக்கு வந்துட்டுப் போன வண்டிக்கார மலையாண்டி ஒரு சங்கதி சொன்னான். வேணாம்னு அவிழ்த்துவிட்ட கிழட்டு மாடு, நொண்டி மாடெல்லாம் கண்மாய்க்கரையிலேர்ந்து பிடிச்சாந்து அத்தை கொட்டில்ல கட்டியிருக்கியாமே? நிசமா? இந்தக் கோடையில நல்ல மாட்டுக்கே வைக்கோல் இல்லை. நீ எதைப் போடுறே? யாரு குடுக்குறா? ராத்திரி படுத்தா இதே யோசனையா இருக்கு. கோவத்தை ஒருபக்கம் வச்சிட்டு அதையாவது எழுது.

எப்ப வாரே?

சோலையப்பன்

* * *

திருவரங்குளம்
9-6-1958

மாமாவுக்கு,

கடுதாசி வந்துச்சு. ஆத்தா நல்லாருக்கு. நீங்க சோறாக்குற அழகைப் படிச்சுச் சொன்னேன், சிரிச்சுச்சு.

கேட்டதுக்குச் சொல்றேன். கட்டுக்கட்டா வைக்கோல் குடுக்க இங்க யாரும் மிராசுதார் இல்லை. தெருவுல வாசலுக்கு ஒரு வாய் உடைஞ்ச பானை வச்சிருக்கோம். கழுநீர், வடிச்ச கஞ்சி, காய்கறித் தோலு எல்லாம் அதுல விழும். பொழுது சாயயில நானும் பக்கத்து வீட்டு மூக்காயியும் தூக்கிட்டு வந்துருவோம். செக்குக்காரர் கண்ணுசாமி செக்கடியில சிந்துற புண்ணாக்கைக் கூட்டி அள்ளி வைக்கிறாரு. கல்யாண வீட்டுல கட்டுன வாழைமரமெல்லாம் விசேசம் முடிஞ்சா எங்களுக்குத்தான். குளம்புப் புண்ணுக்கு மாட்டு டாக்டர் சைக்கிள்ல வந்து மருந்து போட்டுட்டுப் போறாரு. அடுத்த தெரு மருதாயிக்குக் குடுக்க ஒண்ணுமில்லை. கூலி வேலை முடிச்சு வந்து உக்காந்து மாட்டுக்கு உண்ணி பிடுங்குறா. ஊர்க்கதை பேசிக்கிட்டே பிடுங்குறா, மாடும் காதை ஆட்டிக்கிட்டுக் கேக்குது.

இப்ப நம்ம சங்கதி. மாட்டை வித்ததுக்கு மட்டும் நான் கிளம்பி வரலை. நான் களையெடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து வித்தீங்க பாருங்க, அதுதான் ஆறலை. நான் வாக்கப்பட்டு வந்தப்ப அது கன்னுக்குட்டி. நான் தண்ணி காட்டினாத்தான் குடிக்கும். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

செவலை திரும்பி வந்தா வாரேன். இல்லைன்னா இங்கேயே இருந்துக்குறேன்.

கண்ணாத்தாள்

* * *

குளத்தூர்
27-6-1958

கண்ணாத்தாளுக்கு,

இந்தக் கடுதாசி தபால்ல வரலை, மலையாண்டி கையில வருது. அவனோட இன்னொரு கையில ஒரு கயிறு இருக்கும், பாரு. நம்ம செவலை!

மணப்பாறைச் சந்தையில வித்துட்டேன்னு ராக்கன் கையை விரிச்சுட்டான். நான் விடலை. போன புதன்கிழமை போயி வெறுங்கையோட வந்தேன். இந்தப் புதனும் போனேன். கட்டியிருந்த மாட்டுக்கெல்லாம் பின்னாலயே வரிசை வரிசையா நடந்து பார்த்தேன். கடைசி வரிசையில வாலைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. அதே முதுகு, அதே நொண்டி. மலையாளத்துக்கு அடிமாடு கொண்டுபோற லாரியில ஏத்தப் பலகை போட்டுட்டானுக. சண்டை போட்டேன், கெஞ்சினேன், கயித்தைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டேன். கடைசியில காசைக் குடுத்து மீட்டேன். என்னைப் பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. ஒன்னை மாதிரியே அதுக்கும் கோவம்.

இன்னொண்ணு. நானும் வாசல்ல ஒரு பானை வச்சுப் பார்த்தேன். எதுத்த வீட்டு அமராவதி, என்னத்துக்குன்னு கேட்டுச்சு. சொன்னேன். இப்ப அதுவும் ஊத்துது. எந்த மாட்டுக்குன்னு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆமா, மருதாயி கதை சொன்னா மாடு நிசமாவே கேக்குதா?

சொன்னதைச் செஞ்சுட்டேன். வந்துரு.

சோலையப்பன்

* * *

திருவரங்குளம்
30-6-1958

மாமாவுக்கு,

மலையாண்டி சத்தம் கேட்டதும் ஈரக்கையோட ஓடினேன். பார்த்ததும் நின்னுட்டேன். மாமா, இது நம்ம செவலை இல்லை.

நம்ம செவலைக்கு நெத்தியில சுழி. இடது கண்ணோரம் வெள்ளை மயிர். இதுக்கு ரெண்டும் கிடையாது. பின்னால நின்னு பார்த்தா நானும்தான் ஏமாந்திருப்பேன், அப்படி இருக்கு. ஏர் பிடிச்ச நீங்க இத்தனை வருசமும் அது வாலைத்தான் பார்த்திருக்கீங்க. மூஞ்சியைப் பார்த்தது நான்தானே. மூக்காயிகிட்ட இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் கொட்டில் பக்கம் போயி ஒரு பாட்டம் அழுதேன். நம்மது போன எடம் இனிமே தெரியப் போறதில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறலை. இதை நான் மறைக்கலை.

வந்ததுக்குத் தொட்டியில தண்ணி வச்சேன். ரொம்ப நேரம் நின்னுட்டு, அப்புறம் ஒரே மூச்சா குடிச்சிச்சு. இதுவும் அதே லாரிக்குப் போக இருந்ததுதானே. நீங்க கயித்தை விடலை. ரெண்டு புதன் எனக்காக அலைஞ்சிருக்கீங்க. அதுக்கு மேல கோவமா இருக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆனா நானா வர மாட்டேன். நீங்க வாங்க. வந்து நீங்களே இதுக்கு முன்னால நின்னு தண்ணி காட்டுங்க, உண்ணி பிடுங்குங்க, கதை கேக்குதான்னு நீங்களே பாருங்க. கொட்டில்ல நிக்கிறதுகளை மூக்காயியும் மருதாயியும் பார்த்துக்குவாங்க. இது மூஞ்சி ஒங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச அன்னைக்கு மெதுவா நடந்து நம்ம வீட்டுக்குப் போவோம், மூணு பேருமா.

உங்கள்
கண்ணாத்தாள்