வேனில் மாளிகை நீராட்டு அறையின் தளத்தைக் கொத்துமாறு விடுத்த ஓலை

வளம் பெருகுக. சுனை வற்றாத செங்குன்ற நாட்டின் அரசி உமையாண்டாள், வேனில் மாளிகைத் திருப்பணித் தலைவரும் தச்சர் குலத் திலகமுமாகிய குணவீரருக்கு விடுக்கும் ஓலை. நீவிரும் உம் இல்லத்தாரும் உளி ஏந்தும் உம் கூட்டத்தாரும் நலமே வாழ்க.

முன்னோர் கட்டிய அம்மாளிகையில் புதிய நீராட்டு அறை பழைய அறையைப் போலவே அமைய வேண்டுமென யாம் பணித்தது உண்மை. நேற்று நேரில் வந்து கண்டோம். செம்புக் கொப்பரையும், துதிக்கை வடிவில் தண்ணீர் பொழியும் கல்தூம்பும், மாடத்து விளக்கும் கண்ணுக்கு நிறைவாகவே உள்ளன. பழைய மாளிகைக்குள் புதியது நுழைந்த சுவடே தெரியவில்லை. அதற்கு எம் பாராட்டு உரியது. தளத்தைப் பற்றியே இவ்வோலை.

பழைய அறையின் தளக்கல்லில் முகம் தெரியுமளவு அது வழவழப்பாக இருப்பதைக் கண்டு, புதிய கல்லையும் அவ்வாறே தேய்க்கச் செய்தீர். எம் தோழி அதில் தண்ணீர் படுமுன்பே வழுக்கி விழுந்தாள். வினவியபோது, முன்னோர் முறையை மீற உமக்கு மனம் வரவில்லை என மொழிந்தீர். ஆகவே பழைய அறையின் கொப்பரையை நகர்த்தச் சொன்னோம். அதன் அடியில், எவர் காலும் படாத இடத்தில், உளிக்கொத்து இன்றும் சொரசொரப்பாகவே இருக்கிறது. முன்னோர் கொத்திய தளத்தைப் பின்வந்தோர் பாதங்கள் தேய்த்திருக்கின்றன. நீவிரோ தேய்மானத்தைப் போய் முறையென்று எடுத்துக்கொண்டீர்.

இதை எளிதாகக் கொள்ளற்க. சென்ற போரில் இடக்கால் வலுவிழந்தபின், நம் மன்னர் பெருநற்கோ நாள்தோறும் நால்வர் தாங்கவே நீராடுகிறார். அது அவருக்கு எத்துணைக் கூச்சம் என்பதை யாம் அறிவோம். காண எமக்கும் தாளவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியே நீராட வேண்டும் என்பதொன்றே அவர் எம்மிடம் கேட்டது. அதற்காகவே இவ்வறை.

ஆதலின் தளம் முழுவதையும் கொத்துக. தடுக்கும் நிலைப்படியை நீக்குக. சுவர் நெடுகக் கை பற்றும் உயரத்தில் கற்கொடி ஒன்று ஓடட்டும். முன்றில் தூணில் உள்ள கொடியையே மாதிரியாகக் கொள்க. பணி முடிந்ததும், உம் இடக்காலை மடக்கிக் கட்டிக்கொண்டு, எவர் தோளையும் பற்றாமல், முதல் நீராட்டை நீவிரே செய்க. விழாமல் வெளிவந்தீர் என்ற செய்தி கிட்டிய பின்னரே மன்னர் புறப்படுவார். இதனால் உம் தலைக்கு ஆபத்தில்லை, இடுப்புக்குத்தான்.

இது எம் ஆணை. குவளை இலச்சினை இட்டு, ஓலைக்காரர் பூதியார் கையில் தந்தோம்.

இலச்சினை இட்டபின் நினைவு வந்தது: அறைக்கதவுக்கு உட்புறம் ஒரு தாழ் அமைக்க. வெளிப்புறம் வேண்டா.