அறிவிக்கும் அதிகாரம்

நிலா, தென்முனைக் குடியிருப்பு. மீட்பு வண்டி நான்கு.
பதிபவர்: அவசர மருத்துவ உதவியாளர் முத்துப்பேச்சி.

பதிவு 1. ஆகஸ்ட் 9, 2091. காலை 9:10

சக்கரம், பேட்டரி, ஆக்சிஜன் எல்லாம் சரி. சுரங்கத்தில் விரல் நசுங்கிய ஒருவருக்குக் கட்டுப்போட்டுவிட்டுத் திரும்புகிறோம். ஓட்டுநர் செலஸ்டின் மச்சாது, தூத்துக்குடிக்காரர், ஆறு வருடமாக எனக்குக் கூட்டாளி.

மருத்துவக் குழுவுக்கு மறுபடியும் மனு அனுப்பியிருக்கிறேன். செத்தவரைச் செத்தார் என்று சொல்ல எங்களுக்கு அதிகாரம் கிடையாது. டாக்டர் திரையில் வந்து சொல்லும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். போன மாதம் விறைத்துப்போன ஒருவரை, அவருடைய தம்பி பார்த்துக்கொண்டிருக்க, அரை நாள் அழுத்தினேன். அந்தப் பையனுக்கு வீண் நம்பிக்கை கொடுத்தது என் கைதான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. களைத்திருப்பவர் கையில் இந்த அதிகாரம் ஆபத்து என்று குழு பதில் போட்டிருக்கிறது. களைக்க வைப்பது யாராம்?

பதிவு 2. 11:40

முன்சக்கரம் புழுதிக்குழியில் புதைந்துவிட்டது. இழுவை வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. எந்த ஓட்டுநரும் காத்திருப்பதில்லை. வண்டி நின்றால் தாமதம் அவர்கள் பெயரில் ஏறும். செலஸ்டின் இரும்பு வடத்தைப் பாறையில் மாட்ட இறங்கியிருக்கிறார். விண்வெளி உடையின் வானொலியில் நாங்கள் பேசியது இது.

"பேச்சி, மோட்டாரப் போடு. மெதுவா. நீ மனு எழுதுத வேகத்துல போட்டுறாத."

"வடம் பழசு அண்ணே. விட்டுட்டு உள்ள வாங்க."

"ஒரு இழுப்புதான். பிலோமினா சோத்தப் போட்டு வச்சிக்கிட்டு உக்காந்திருப்பா."

பதிவு 3. 12:25

மோட்டாரைப் போட்டதும் வடம் அறுந்து அவர் நெஞ்சில் அடித்தது. சுழன்ற முனை வண்டியின் வெளிப்புறமிருந்த பெரிய ஆக்சிஜன் சிலிண்டரைக் கிழித்தது. அவரை உள்ளே இழுத்துப் போட்டேன். நாடி இல்லை. வெண்டிலேட்டர் பொருத்திவிட்டேன். நிலாவில் உடம்பின் எடை உதவாது, அதனால் இடுப்பை ஸ்ட்ரெச்சரோடு பட்டையால் கட்டிக்கொண்டு அழுத்துகிறேன். கை ஓயவில்லை. வாயால் சொல்லித்தான் பதிகிறேன்.

பதிவு 4. 13:50

கட்டுப்பாட்டு அறை சொன்னது: "வண்டி நாலு, இழுவை வண்டி வர நேரமாகும். டாக்டர் ஆபரேஷன்ல இருக்கார். நிறுத்தாதீங்க."

நான் எங்கே நிறுத்தினேன்? மிச்சமிருக்கும் சிறிய சிலிண்டரைத்தான் நானும் வெண்டிலேட்டரும் பகிர்ந்துகொள்கிறோம். மீட்க வரும்வரை இருவருக்குக் காணாது, ஒருவருக்குப் போதும். வெண்டிலேட்டரின் வால்வை நான் மூட முடியாது. இறப்பை அறிவிக்காமல் அது மூடவே மூடாது.

கண்ணின் பாவை விரிந்து நிலைத்துவிட்டது. வேறு யார் முகத்திலாவது இதைப் பார்த்திருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது.

பதிவு 5. 14:35

"முத்துப்பேச்சி, மருத்துவக் குழுவுலேர்ந்து பேசுறோம். உங்க மனுவ அவசரமா ஏத்துக்கிட்டோம். இறப்ப அறிவிக்கிற அதிகாரம் இப்பலேர்ந்து உங்களுக்கு இருக்கு. நீங்க சொன்னதும் வால்வு மூடிக்கும்."

"டாக்டர் ஒரு வார்த்தை சொல்லட்டுமே."

"அவர் வர இன்னும் நேரமாகும்மா. நீங்கதானே கேட்டீங்க?"

ஆமாம், நான்தான் கேட்டேன். அப்போது யாரோ ஒருவருக்காகக் கேட்டேன்.

பதிவு 6. 15:05

தலை வெடிக்கிறது. நாக்கு குழறுகிறது. இதைக் கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் இறந்துவிட்டாரா? இல்லை, எனக்குக் காற்று வேண்டும் என்பதால் அப்படித் தோன்றுகிறதா? இரண்டையும் பிரிக்க முடியவில்லை. களைத்த கை என்று அவர்கள் சொன்னது இதைத்தானா. நெஞ்சில் காதை வைத்தேன். ஏதோ கேட்டது, அது என் காதுக்குள் ஓடுகிற என் இரத்தம். மறுபடியும் வைத்தேன். ஒன்றுமில்லை.

அவர் மனைவி பிலோமினா அக்கா கேட்பார், நல்லாப் பார்த்தியா பேச்சி என்று. பார்த்தேன் அக்கா. நல்லாத்தான் பார்த்தேன்.

பதிவு 7. 15:12

செலஸ்டின் மச்சாது. வயது நாற்பத்தாறு. இறந்துவிட்டார். அறிவிப்பவர் முத்துப்பேச்சி.

வால்வு மூடிக்கொண்டது.

கை இன்னும் அழுத்துகிறது. நிறுத்து என்று சொல்ல வேண்டியவள் நான்தான், வாய் வரவில்லை.

மூச்சு நன்றாக வருகிறது. ஐயோ அண்ணே, எவ்வளவு நன்றாக வருகிறது.