நாரே திரும்பிப் பார்த்தாள் என்றார்கள்

மார்ச் 5

என் குழந்தை நாரே தூங்குகிறாள். அவள் அப்பாவும்தான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பிறந்ததும் செய்த செவிச் சோதனையில் அவளுக்கு இரண்டு காதும் தேறவில்லை. "உள்ளே நீர் இருந்திருக்கும், மூன்று மாதம் போகட்டும்" என்றார் மருத்துவர். மூன்று மாதமும் போய்விட்டது. மறுசோதனை வரும் செவ்வாய்.

இன்று சமையலறையில் வேண்டுமென்றே மூடியைக் கீழே போட்டேன். அவள் கை அசைந்தது. சத்தத்துக்கா, சும்மாவா? மறுபடி போட்டேன். அசையவில்லை. இன்னொரு முறை போடத் துணிவு வரவில்லை.

மார்ச் 6

ஜெபக்குழுத் தலைவி பே அக்காவிடம் மட்டும் சொன்னேன். மாலைக்குள் குழுவின் கைபேசி அரட்டையில் வந்துவிட்டது: "நாரேயின் காதுகளுக்காக." கீழே கூப்பிய கைகள், கைகள், கைகள். யார் இதைக் கேட்டது? — நான்தான்.

மார்ச் 8

ஜெபிக்க எல்லோரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள், ஸ்ட்ராபெர்ரி டப்பாவோடு. ஜெபம் முடிந்ததும் பே அக்கா நாரேயின் தலைக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினார். அவள் திரும்பினாள்.

"பாத்தியா நாரே அம்மா, திரும்பிட்டா."

"காத்து பட்டிருக்கும், அக்கா."

"சந்தேகத்தைப் பாரு. இவளுக்கு நல்லா கேக்குது. என் வீட்டுக்காரருக்குத்தான் கேக்காது, அதுவும் குப்பையைக் கொட்டிட்டு வாங்கன்னா மட்டும்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

மார்ச் 10

மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து நாளைய சோதனையைத் தள்ளிப்போடச் சொன்னேன். கேட்கிறது என்று நம்பிவிட்டு எதற்குச் சோதனை?

"இது விசுவாசமா, பயமா?" என்றார் சங்வூக். புருஷன் கேட்கிற கேள்வியா இது. பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே தேய்த்தேன்.

மார்ச் 14

வெள்ளி ஜெபக்கூட்டம். கைக்குழந்தைக்காரிகளுக்கென்று ஆலயத்தின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை. கூட்டத்தின் சத்தம் கேட்க உள்ளே ஒலிபெருக்கி. விளக்கை அணைத்தார்கள். எல்லோரும் சேர்ந்து "கர்த்தாவே" என்று மூன்று முறை கூப்பிட்டு, பிறகு அவரவர் பாரத்தை அவரவர் வாய்விட்டுக் கதற ஆரம்பித்தார்கள். யாரோ ஒலியை முழுசாக ஏற்றி வைத்திருந்தார்கள் போல. எதிர் மூலையில் ஒரு குழந்தை துள்ளி எழுந்து வீறிட்டது.

நாரே தூங்கினாள். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, வாய் லேசாகத் திறந்தபடி.

அவ்வளவுதான். தெரிந்துவிட்டது.

நானும் கத்தினேன். இத்தனை குரலுக்கு நடுவில் என் குரல் யாருக்குக் கேட்கப்போகிறது. ஏன்டா இவளுக்கு இப்படி செஞ்சே — ஆண்டவரை 'டா' போட்டேன். என்னால முடியல, இவளைப் பாக்கவே பயமா இருக்கு, நீ இருக்கியா இல்லையா, இருந்தா இங்க வந்து உக்காரு. காதைக் கொடு என்று கேட்க நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். அதைக் கேட்கவே இல்லை.

பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் தொண்டை ஓய்ந்தபோது தனியாக இல்லை. எப்படி என்று எழுதத் தெரியவில்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. பார்த்தால், பக்கத்தில் ஒருவரும் இல்லை. அப்போதும் அந்த உணர்வு போகவில்லை.

விளக்கு வந்ததும் பே அக்கா உள்ளே வந்தார். ஒலிபெருக்கியைப் பார்த்தார், நாரேயைப் பார்த்தார்.

"நான் தட்டினப்ப காத்துதான் பட்டிருக்கு, இல்ல?"

"ஆமாக்கா."

"ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன். வாயைத் திறக்க மாட்டேன்."

மார்ச் 25

இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு. முதலில் செவிக்கருவி, பிறகு அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாமாம். அழுதேன். பே அக்காவும் வாயைத் திறக்காமல் அழுதார். இரவு ஜெபித்தேன். தூங்கினேன்.

ஏப்ரல் 6

சாப்பாட்டு மேசையில் நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். சங்வூக் பாதியில் பார்த்துவிட்டார்.

"கண்ணைத் திறந்துக்கிட்டா ஜெபிக்கிற?"

"மூடிக்கிட்டா இவ எங்கே பார்ப்பா? என் வாயையே பாத்துக்கிட்டிருக்கா."

அவர் நாரேயின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடாமல், மெதுவாக, வாயை நன்றாக அசைத்து, ஆமென் சொன்னார்.