ஜாக்கெட் துண்டுகளில் ஒரு போர்வை

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. கம்பெனிக்கு இந்த வாரம் லீவு சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

ஞாயிறு இரவு நித்யாவுக்கு விமானம். அதற்குள் போர்வையின் மேல்துணியாவது முடிய வேண்டும். பஞ்சும் அடித்துணியும் பிரான்சில் அவளே வாங்கிக்கொள்வாளாம். பெட்டி எடை அப்படி.

துணி முழுக்க அவள் அம்மா விஜயாவுடையது. என் வீட்டுக்காரருடைய தங்கை. ரெட்டியார்பாளையத்தில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறாள். வெட்டி மிஞ்சிய துண்டுகளை வருஷக்கணக்காக மூட்டை கட்டி வைத்திருந்தாள். தெருவின் கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு எல்லாம் அந்த மூட்டைக்குள். போர்வை யோசனை என்னுடையது. மூன்று பட்டை சேர்ந்தால் ஒரு சதுரக் கட்டம். பட்டைகளை நானே ஒரே அளவாக வெட்டிக் கொடுத்தேன். கட்டங்களில் பாதி நான், பாதி அவள். ஓரத்தில் கால் இன்ச் விட்டுத் தை என்று சொன்னேன். "சரிங்க அண்ணி."

என் பங்கு முடிந்தது.

வாங்க: வெள்ளை நூல், 14 நம்பர் ஊசி, கறிவேப்பிலை, கொசுவத்தி.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. வெயிலும் இல்லை.

நித்யா அவள் அம்மா தைத்த கட்டங்களைக் கொண்டுவந்தாள். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடித்தாள். அவள் புருஷன் முன்பே போய்விட்டான். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை, அதனால் பேப்பர் வேலை சீக்கிரம் முடிந்தது. அவள் கவலை அதுவல்ல.

"அம்மா ஒரு வார்த்த கேக்கல அத்த. எந்த ஊருக்குப் போறன்னு கூட கேக்கல. போவாதன்னாவது சொல்லலாம்ல?"

நானே கேட்டுப் பார்த்தவள்தான். "அவ போறா. எனக்கு அர்ஜென்ட் ஜாக்கெட் கெடக்கு" என்றாள் விஜயா.

மதியம் எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். ஒரு கட்டத்தின் பட்டைகள் நின்றபடி, அடுத்ததன் பட்டைகள் படுத்தபடி. பொருந்தவில்லை. விஜயாவின் கட்டம் ஒன்றுகூடச் சதுரம் இல்லை. ஒரு பக்கம் ஒரு இன்ச் குட்டை. தட்டாஞ்சாவடியில் ஏற்றுமதிப் போர்வைகளுக்கு நான் செக்கிங். குறை இருந்தால் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது பழக்கம். கைப்பையில் இருந்தது, ஒட்டிக்கொண்டே போனேன். அவள் கட்டம் அத்தனையிலும்.

சாயங்காலம் விஜயா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எம் பொண்ணுக்கு நான் தெச்சது டேமேஜா அண்ணி?"

ஒரு இன்ச் குறையுது என்றேன். அப்போது அதைச் சொல்லியிருக்க வேண்டாம். குனிந்து தன்னுடையதை மட்டும் பொறுக்கினாள், ஸ்டிக்கரோடு. போய்விட்டாள்.

நவம்பர் 5, புதன்

நல்ல மழை. விஜயா போன் எடுக்கவில்லை. பருப்பு தீய்ந்தது.

தரையில் கட்டம் விட்டுக் கட்டம் வெறும் சிமெண்ட். என்ன செய்யலாம் என்று யோசித்தேன். என்னுடையதை எல்லாம் ஒரு இன்ச் வெட்டி, குட்டைக்குச் சமம் ஆக்கலாம். ஒன்றை வெட்டிப் பார்த்தேன். ஓரப் பட்டை நாடா மாதிரி ஆகிவிட்டது. இல்லையென்றால் கட்டத்துக்குக் கட்டம் நடுவே வெள்ளைப் பட்டி கொடுத்து வித்தியாசத்தை அதற்குள் மறைக்கலாம். கம்பெனியில் செய்வதுதான். அதற்கும் அவள் கட்டங்கள் கைக்கு வர வேண்டும்.

இவர்: "வூட்லயும் செக்கிங் பண்ணா இப்படித்தான். போய் பேசு."

போக வெட்கமாக இருந்தது. விஜயா ஒரு மாதமாக மகளுக்குச் செய்தது அது ஒன்றுதான். அதில் அம்பு ஒட்டியிருக்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

போனேன். மிஷின் மேல் உறை போட்டிருந்தது. விஜயா அடுப்படியில், "வாங்க" என்று மட்டும் சொன்னாள். நித்யா கட்டில் மேல் உட்கார்ந்து ஸ்டிக்கர் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, பின்பக்கம் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. டேப் வைத்து முன்பக்கம் அளந்ததோடு சரி. திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு தையல். ஒன்று அரை இன்ச்சில், அதற்கு வெளியே இன்னொன்று கால் இன்ச்சில். ஜாக்கெட்டுக்குப் போடுவதுபோல. உடம்பு பெருத்தால் உள்தையலைப் பிரித்தால் போதும், அடுத்தது தயாராக இருக்கும்.

"என் ஸ்கூல் சட்ட எல்லாம் இப்படித்தான். வருஷா வருஷம் ஒண்ணு பிரிப்பாங்க."

விஜயா அடுப்படியிலிருந்தே, "கை பாட்டுக்குப் போட்டுருச்சி. பெருசானா விடணும்ல."

"போர்வ எப்படிம்மா பெருசாவும்?"

விஜயா பிளேடு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு கட்டத்தின் உள்தையல்களைப் பிரித்து நீவி விட்டாள். அளந்தேன். சரியான சதுரம். தப்பு எம்மேலதான் என்றேன். "வுடுங்க அண்ணி" என்று ஒரு பிளேடை என் பக்கம் தள்ளினாள்.

மூன்று பேரும் இருட்டும்வரை பிரித்தோம். பிரிப்பதில் நித்யாதான் வேகம், நூல் அறுந்த சத்தமே கேட்கவில்லை. மடியெல்லாம் நூல். நடுவில் விஜயா தலை நிமிராமல்:

"அங்க குளுரு எந்த மாசம் வரைக்கும்?"

நித்யா சொன்னாள். மாதங்களை விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். நான் இல்லாத ஈயை விரட்டினேன்.

நவம்பர் 7, வெள்ளி

இணைப்பு, விஜயா வீட்டில். அவள் மிஷினில், நான் அயர்ன், நித்யா குண்டூசி. முதலில் வரிசை வரிசையாக, நூலை அறுக்காமல் அடுத்தடுத்து ஓட்டினோம். ஒரு வரிசையின் பின்பக்கத் தையல் விளிம்புகளை இடப்பக்கம் மடித்து அயர்ன், அடுத்ததை வலப்பக்கம். அப்போதுதான் இரண்டு வரிசை சேரும் இடத்தில் விளிம்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், தடிக்காது. விஜயாவுக்கு நம்பிக்கை இல்லை. ஒரு மூலை சேர்த்ததும் விரலால் தடவிப் பார்த்தாள். "பரவால்ல."

"இது எதிர்வீட்டு அக்கா வளைகாப்பு பச்ச. இது உன் பூப்புக்கு எடுத்தது" என்று தைத்துக்கொண்டே நித்யாவுக்குக் காட்டினாள் விஜயா. ஊசி ஒருமுறை உடைந்தது. கரண்ட் போய்ப் போய் வந்தது.

நான் வெட்டிக் கெடுத்த ஒரு கட்டத்துக்குப் பதிலாக விஜயா புதிதாகத் தைத்தாள். அதிலும் இரண்டு தையல். நானே பிரித்தேன்.

நவம்பர் 8, சனி

வெயில். அப்பாடா. துணி காய்ந்தது.

வரிசைகள் எல்லாம் சேர்ந்தன. சுற்றிலும் பார்டர் மட்டும் பாக்கி. அதை நானே போட்டுக்கொள்கிறேன் என்று விஜயா எங்களை முன்னறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டாள். மூட்டுவலித் தைலம் வாங்க மறந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பெட்டி எடை தாண்டியது. நித்யா ஊறுகாயையும் மசாலாப்பொடியையும் எடுத்து வெளியே வைத்தாள். மேல்துணி உள்ளேதான்.

மடிக்கும்போது அவள் கை நின்றது. பார்டரில் நான்கு பக்கமும் உள்ளே ஒரு சாண் மடிப்பு, பாவாடைக்கு வைப்பதுபோல. இரண்டு தையல்.

"இது எதுக்கும்மா?"

"இப்ப ரெண்டு பேரு. மூணு பேரானா பத்தாதுல்ல. பிரிச்சி வுட்டுக்க." மடிப்பை விரலால் நீவிக்கொண்டே, "பிரிக்கத் தெரியலன்னா எடுத்துட்டு வா. நான் பிரிச்சித் தரேன்."

வாசலில் கார் ஹாரன். நித்யா அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பிரிக்கத் தெரியாதும்மா. எடுத்துட்டு வரேன்."