மொஸ்கோவைப் பகலில் பார்க்கப் போன அக்காவுக்கு

அக்கா,

ரஷ்யாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று எங்கள் மேல்மாடியில் குடியேறியிருக்கிறது. இன்று மத்தியானம் அவர்கள் முட்டைக்கோவா சூப் அவித்த மணம் படிக்கட்டு முழுக்க நிறைந்திருந்தது. நல்ல மணம்தான். நான்தான் பாதிப் படியில் நின்றுவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் உடனே ஃபோன் எடுத்து, "அக்கா, அந்த அறை மணக்குது" என்று சொல்லியிருப்பேன்.

அந்த அறையைப் பற்றி நம் இருவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? களவாக ஜெர்மனிக்கு அனுப்புவதாக ஊரிலிருந்து கூட்டி வந்த ஏஜென்சிக்காரன் ஒரு குளிர்காலம் முழுக்க நம்மை மொஸ்கோவில் பூட்டி வைத்திருந்தான். திரைச்சீலையை விலக்கக் கூடாது, உரத்துப் பேசக் கூடாது. கீழ்வீட்டுக் கோவா மணம்தான் நமக்கு வெளியுலகம். அங்கேதான் நீங்கள் எனக்கு அக்காவானீர்கள்.

ஒருவழியாக ஜெர்மனியின் எசன் நகருக்கு வந்து வேலை, பிள்ளைகள், ஜெர்மன் பாஸ்போர்ட் எல்லாம் ஆன பிறகு உங்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. நூலகத்திலிருந்து ரஷ்ய வரலாற்றுப் புத்தகங்களாக அள்ளி வந்தீர்கள். ஜார் மன்னர்களின் குடும்பச் சண்டையை, ஏதோ பக்கத்து வீட்டுச் சண்டை போல, வெங்காயம் வெட்டிக்கொண்டே சொல்வீர்கள். "எடி, அவ்வளவு பெரிய நகரத்தில இருந்திட்டு ஒரு கோபுரத்தைக்கூடப் பார்க்கேல்லையே. ஒருக்காப் பகல்ல நிமிர்ந்து நடந்து பார்க்கவேணும்" என்றீர்கள். ஜெர்மன்காரரின் சுற்றுலாக் குழு ஒன்றில் இருவரும் சேர்ந்தோம்.

முதலில் பீட்டர்ஸ்பேர்க். அங்கே நீங்கள் வேறு ஆள். குளிர்கால அரண்மனையில் கேள்வி கேட்டே வழிகாட்டிப் பெண்ணைக் களைக்க வைத்தீர்கள். நேவா ஆற்றங்கரையில் எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தீர்கள். அடுத்தது மொஸ்கோ என்ற நினைப்பில் எனக்கு அது இனிக்கவில்லை.

மொஸ்கோ ஹோட்டலில் பதிவுக்கென்று எல்லாருடைய பாஸையும் வாங்கி வைத்தார்கள். அங்கே அது வழக்கம். நாளைக்குத் தருவோம் என்றார்கள். ஜெர்மன்காரர் சிரித்துப் பகிடி விட்டுக்கொண்டே கொடுத்தார்கள். உங்கள் முகம் இருண்டுவிட்டது. "ஏஜென்சிக்காரனும் நாளைக்குத் தாறன் எண்டுதான் வாங்கினவன்" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை செஞ்சதுக்கத்துக்குப் போனோம். நல்ல வெயில். வண்ணக் குவிமாடங்கள் தெரியத் தொடங்கிய இடத்தில், ஒரு பொலிஸ்காரர் குழுவில் நம் இருவரை மட்டும் மறித்தார். கறுத்த முகம் நமக்குத்தானே. வழிகாட்டி ஓடி வந்து, ஹோட்டல் அட்டைகளைக் காட்டி, இவர்கள் ஒன்றாக வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது நீங்கள் என் பக்கம் திரும்பாமலே, தெளிவான ஜெர்மனில் சொன்னீர்கள்: "இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது."

வழிகாட்டி திகைத்துப் போனார். நாம் ஒரே அறையில் தங்கியவர்கள், ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் விளங்கியது. ஒருவர் பிடிபட்டால் மற்றவரைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். ஏஜென்சிக்காரன் நமக்குச் சொல்லித் தந்த சட்டம் அது. உங்கள் கையைப் பிடித்தேன். உதறினீர்கள். "போடி, ஒருத்தியாவது தப்பட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னீர்கள்.

பொலிஸ்காரர் அட்டைகளைத் திருப்பித் தந்துவிட்டுக் கொட்டாவி விட்டபடி போனார். அவருக்கு அவ்வளவுதான். சதுக்கம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. "வாங்கோ அக்கா, எல்லாம் முடிஞ்சுது" என்று கெஞ்சினேன். "ஏலாதடி" என்று திரும்பி நடந்தீர்கள். ஹோட்டல் அறைக்கு வந்ததும், பட்டப்பகலில், நீங்களே திரைச்சீலையை இழுத்து மூடினீர்கள். பாஸ் கைக்கு வந்த பிறகும் அதைத் திறக்க விடவில்லை.

எசனுக்குத் திரும்பிய பிறகு நீங்கள் நூலகப் பக்கமே போகவில்லை. போன மாசியில் உங்களைத் தகனத்துக்கு வழியனுப்பிய அன்றும் எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு ஆசைப்பட்டவருக்கு அந்தச் சதுக்கம் கிடைக்கவில்லையே என்ற ஆத்திரம்.

நேற்று என் மகள் வந்து, பள்ளிக்கூடக் குழுவோடு மொஸ்கோ போகட்டுமா என்று கேட்டாள். இங்கே பிறந்தவள், பயம் அறியாதவள். உங்களுக்காகவாவது அவள் போய்ப் பார்க்கட்டும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம், போ. ஆனா அங்க ஆரும் மறிச்சா, கூட வந்தவையைத் தெரியாதெண்டு சொல்லு."

"ஏனம்மா?" என்றாள். முன்பின் அறியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல என் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அக்கா.